அசிட்ரோம், ஐ.என்.ஆர்., முருங்கைக்கீரை: உலோக வால்வு வைத்தவர்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கொங்குப்பெண் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 52 வயது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், மூச்சு வாங்காமல் நாலு படி ஏற முடியாத நிலைக்கு வந்துவிட்டார். முதல்வர் காப்பீட்டில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார்.

வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்க தினமும் மாலை அசிட்ரோம் மாத்திரை. டிஸ்சார்ஜ் சீட்டில் "ஐ.என்.ஆர். 2.5 முதல் 3.5" என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறார்கள். ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் டெஸ்ட் எண்தான் ஐ.என்.ஆர். வீட்டுக்கு வந்தபின் எடுத்த முதல் டெஸ்டில் 1.7. டோஸ் கூட்டினார்கள். அடுத்த டெஸ்டில் 4.6. ஒரு வேளை நிறுத்திவிட்டுக் குறைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். இப்படி ஏறி இறங்குவதைப் பார்த்து அம்மா ரொம்பப் பயந்துவிட்டார்.

இதற்கு நடுவில் சித்தி வந்து, கீரை, கொத்தமல்லி, முட்டைக்கோஸ் எதையும் இனி ஆயுளுக்கும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கை நிற்கிறது. அம்மாவுக்கு அந்தக் கீரை இல்லாமல் சோறு இறங்காது. நிஜமாகவே நிறுத்த வேண்டுமா? இந்த எண் ஏன் இப்படி ஆடுகிறது? டாக்டரிடம் கேட்கலாம்தான், ஆனால் ஓ.பி.யில் கிடைப்பது இரண்டு நிமிடம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழனிக்காரன் | திங்கள், இரவு 10.15

தங்கச்சி, முதலில் அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்கு மைட்ரல், அயோர்ட்டிக் இரண்டு வால்வுமே உலோகம். கல்லூரி முடித்த வருடம் வைத்தது, இப்போது என் மகள் கல்லூரிக்குப் போகிறாள். அசிட்ரோம் இல்லாத ஒரு நாள் என் வாழ்க்கையில் இல்லை.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மூன்று மாதம் எல்லோருக்கும் எண் ஆடும். சாப்பாடு சரியாக இறங்காது, ஆன்டிபயாட்டிக் ஓடிக்கொண்டிருக்கும், உடம்பு தேறிக்கொண்டிருக்கும். அப்புறம் தானாக ஒரு நிலைக்கு வந்துவிடும்.

கீரையை நான் நிறுத்தவே இல்லை. அளவும் நாளும் மாறாமல் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். மாத்திரையை மாலையில் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. காலையில் ரத்தம் கொடுத்தால் மதியம் ரிசல்ட் வந்துவிடும். டோஸ் மாற்ற வேண்டுமென்றால் அன்று மாலையே மாற்றலாம். காலண்டரில் மாத்திரை போட்டவுடன் டிக் அடித்துவிடுங்கள். "இன்றைக்குப் போட்டோமா இல்லையா" என்ற சந்தேகம் வந்து இரண்டாவது முறை போடுவதுதான் இந்த மருந்தில் பெரிய ஆபத்து.

சிவகாசி_அத்தை | செவ்வாய், காலை 6.50

என் தம்பிக்கு டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுத்த உணவுத்தாளில் கீரை வகைகள் அனைத்தும் தவிர்க்கவும் என்று அச்சடித்தே கொடுத்தார்கள். நாங்கள் அதன்படிதான் நடக்கிறோம். மருத்துவமனையே எழுதிக் கொடுத்ததை மீறி இங்கே கீரை சாப்பிடலாம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

துடிப்பு | செவ்வாய், பிற்பகல் 3.20

நான் இதயநோய்ப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர். இங்கே சொல்வது பொதுவான விளக்கம் மட்டும். அம்மாவின் டோஸை முடிவு செய்ய வேண்டியவர் அவரைப் பார்க்கும் மருத்துவர்தான்.

ரத்தம் உறைவதற்குத் தேவையான புரதங்களில் நான்கை, அதாவது 2, 7, 9, 10 என்று எண்ணிட்ட காரணிகளை, கல்லீரல் தயாரிக்கிறது. இவை வேலை செய்யத் தகுதி பெறும் கடைசிக் கட்டத்தில் வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே அப்படியே மறுபடி உதவாது. ஒரு நொதி அதைப் புதுப்பித்துத் தர வேண்டும். வார்ஃபரின் என்ற மருந்தும், அதே வகையில் அசிட்ரோமில் இருக்கும் அசினோகூமராலும் அந்த நொதியைத் தடுக்கின்றன. வைட்டமின் கே புதுப்பிக்கப்படாததால் கல்லீரல் அரைகுறையான காரணிகளைத்தான் வெளியே அனுப்பும். ரத்தம் உறைவது தாமதப்படும்.

எண் ஏன் ஆடுகிறது என்ற உங்கள் கேள்விக்கு இதிலிருந்தே பதில் வந்துவிடுகிறது. மாத்திரை போட்டவுடன் ரத்தத்தில் ஏற்கெனவே சுற்றும் நல்ல காரணிகள் மறைந்துவிடுவதில்லை. 7-ஆம் காரணி சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். 2-ஆம் காரணி பாதியாக இரண்டரை, மூன்று நாள் ஆகும். அதனால் இன்று மாற்றிய டோஸின் விளைவு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஐ.என்.ஆரில் முழுதாகத் தெரியும். ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் மாத்திரையோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசியும் போட்டிருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். மாத்திரை பிடிக்கும்வரை பாதுகாப்பு வேண்டுமே, அதற்காக. இன்னொரு விஷயமும் உண்டு. உறைவைக் கட்டுப்படுத்தும் புரதம் சி என்ற ஒன்றும் வைட்டமின் கே-யை நம்பித்தான் இருக்கிறது. அது 2-ஆம் காரணி போன்றவற்றுக்கு முன்னாடியே குறைந்துவிடும் என்பதால் ஆரம்ப நாட்களில் மாத்திரையை மட்டும் நம்ப முடியாது.

சரி, கீரை. அதில் வைட்டமின் கே நிறைய உண்டு. மாத்திரை ஒரு தட்டிலும் சாப்பாட்டு வைட்டமின் கே மறு தட்டிலும் இருக்கும் தராசு இது. அம்மா வழக்கமாகச் சாப்பிடும் அளவுக்கு ஏற்றபடி மறு தட்டில் மாத்திரையை வைக்கிறோம். கீரையை அடியோடு எடுத்துவிட்டால் ஐ.என்.ஆர். எகிறும். அதற்கு ஏற்ப மாத்திரையைக் குறைத்தபிறகு ஒரு விசேஷ வீட்டில் ஒரு கிண்ணம் முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்டால் எண் சரியும். வைட்டமின் கே குறைவாகவே உண்பவர்களுக்கு ஒரு சின்ன மாற்றம்கூட எண்ணைப் பெரிதாக ஆட்டும். அதனால் இன்று பெரும்பாலான வழிகாட்டுதல்கள் சொல்வது: தவிர்க்காதே, ஒரே சீராகச் சாப்பிடு.

சிவகாசி அத்தைக்கு: அந்தத் தாள்கள் பழைய வழக்கத்தில் வந்தவை. உங்கள் தம்பி கீரை இல்லாமலே டோஸ் நிலைத்து நல்லபடியாக இருக்கிறார் என்றால், இங்கே படித்ததை வைத்து நாளைக்கே கீரை கொடுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். சேர்க்க ஆசை என்றால் அடுத்த ஐ.என்.ஆர். பார்க்கும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சமாகச் சேர்த்து, ஒரு வாரத்தில் மறுபடி பாருங்கள்.

கொங்குப்பெண் | செவ்வாய், மாலை 6.05

டாக்டர், இவ்வளவு பொறுமையாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. அப்படியென்றால் எதில் எவ்வளவு என்று ஓரளவு தெரிந்தால் நல்லது. எண்ணெய், பருப்பு எல்லாம்கூடக் கணக்கில் வருமா?

மருந்தாளர்_நெல்லை | செவ்வாய், இரவு 8.30

கரும்பச்சையாக இருப்பதில் வைட்டமின் கே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை, பாலக், பொன்னாங்கண்ணி, அகத்தி, வெந்தயக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் அந்தக் கூட்டம். பச்சைக் கொத்தமல்லி 100 கிராமில் சுமார் 300 மைக்ரோகிராம் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 90 முதல் 120 மைக்ரோகிராம்தான். ஆனால் ரசத்தில் தூவும் நாலு இலையால் ஒன்றும் ஆகாது. கொத்தமல்லிச் சட்னி, புதினா சாதம் என்று கைப்பிடி கைப்பிடியாகப் போனால்தான் கணக்கு. முட்டைக்கோஸில் கீரையைவிட மிகக் குறைவு. அரிசி, இட்லி, பருப்பு, தயிர், மீன் இவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெயில் இல்லை என்றே சொல்லலாம். சோயா எண்ணெயில் மட்டும் கணிசமாக உண்டு.

ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம். இருபது வருடமாகக் கவுன்டரில் நிற்கிறேன். கீரையால் ஐ.என்.ஆர். கெட்டு வந்தவர்களைவிட மற்ற மாத்திரைகளால் கெட்டு வந்தவர்கள்தான் அதிகம். எல்லோரும் கீரையைப் பற்றியே பேசுகிறார்கள், யாரும் இதைச் சொல்வதில்லை.

வயிற்றுப்போக்குக்குக் கடையில் தானாக வாங்கும் மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல், படர்தாமரைக்கு விழுங்கும் ஃப்ளூகோனசோல் மூன்றும் ஐ.என்.ஆரைச் சடசடவென ஏற்றிவிடும். இதயத்துடிப்பு ஒழுங்குக்குக் கொடுக்கும் அமியோடரோனும் ஏற்றும். அது மெதுவாக, வாரக்கணக்கில் ஏற்றும். நிறுத்தின பிறகும் பல வாரம் உடம்பில் தங்கும். மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் எண்ணை ஏற்றாவிட்டாலும் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால்தான் நல்லது. ஆனால் அதையும் நாளுக்கு நாலு மாத்திரை வீதம் தொடர்ந்து பல நாள் போட்டால் எண் ஏறும்.

தலைகீழாக இழுப்பவையும் உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் பெரிய எதிரி. அது ஓடும்போது அசிட்ரோம் டோஸை இரண்டு மூன்று மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல் கூட்ட வேண்டி வரும். அதைவிட ஆபத்து ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது. கூட்டிய டோஸ் அப்படியே நிற்க, கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அந்த இரண்டு மூன்று வாரம் அடிக்கடி டெஸ்ட் பார்த்தே ஆக வேண்டும். வலிப்பு மருந்துகளில் கார்பமாசெபினும் எண்ணைக் குறைக்கும்.

எந்த டாக்டரிடம் போனாலும், எந்தக் கடையில் எது வாங்கினாலும், வாயைத் திறந்து முதலில் சொல்ல வேண்டியது "அசிட்ரோம் போடுகிறோம்" என்பதுதான். நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் எல்லாவற்றுக்கும் இதே விதி. அதில் என்ன எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் நம்மால் டோஸ் கணக்குப் போட முடியாது.

இன்னொன்று. அசிட்ரோம் 1, 2, 3, 4 மி.கி. என்று பல அளவில் வருகிறது. வாங்கும்போது அட்டையில் அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள். அசிட்ரோம் இல்லை, வார்ஃபரின் தரட்டுமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் மி.கி.க்கு மி.கி. சமம் கிடையாது. அசினோகூமரால் 1 மி.கி. ஏறக்குறைய வார்ஃபரின் 2 மி.கி.க்குச் சமம்.

ஆய்வகத்_தோழி | செவ்வாய், இரவு 11.10

லேப் பக்கத்திலிருந்து சில விஷயம். 1.7-லிருந்து 4.6 என்று பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இரண்டும் ஒரே லேபா?

இந்த டெஸ்டுக்கு நீல மூடி போட்ட குழாயில்தான் ரத்தம் எடுப்பார்கள். உள்ளே சிட்ரேட் திரவம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் நிறைய வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை என்று பாதிக் குழாயோடு நிறுத்திவிட்டால் சிட்ரேட் அதிகமாகி, ரத்தம் உறைய நேரம் பிடிக்கும், எண் பொய்யாக ஏறித் தெரியும். அம்மாவுக்கு எடுக்கும்போது கோடு வரை நிறைகிறதா என்று நீங்களே பாருங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஐ.என்.ஆர். என்ற கணக்கே ஏன் வந்தது என்றால், உறையும் நேரத்தை அளக்கப் பயன்படும் திராம்போபிளாஸ்டின் என்ற வினைபொருள் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு வீரியத்தில் இருக்கும். ஒரே ரத்தம் ஒரு லேபில் 18 விநாடி காட்டும், இன்னொன்றில் 25 காட்டும். இதைச் சமன் செய்யத்தான் உலகச் சுகாதார நிறுவனம் 1983-இல் இந்த முறையைக் கொண்டுவந்தது. வினைபொருளின் வீரியத்துக்கு ஐ.எஸ்.ஐ. என்று ஒரு மதிப்பு உண்டு. அதை வைத்துக் கணக்கிட்டால் எந்த ஊர் லேபாக இருந்தாலும் எண் ஒத்துப்போக வேண்டும். நடைமுறையில், புதுப் பெட்டி வினைபொருள் பிரித்ததும் ஐ.எஸ்.ஐ. மதிப்பை மெஷினில் மாற்ற மறந்தால் அத்தனை ரிசல்ட்டும் தப்பாகும். ரிப்போர்ட்டில் ஐ.எஸ்.ஐ. மதிப்பு அச்சாகி வருகிறதா பாருங்கள். முடிந்தவரை ஒரே லேபில் கொடுங்கள்.

கொங்குப்பெண் | புதன், காலை 7.30

முதல் டெஸ்ட் ஆஸ்பத்திரியில், இரண்டாவது எங்கள் ஊர் லேபில். இனிமேல் ஒரே இடம்தான்.

புதியவன்77 | புதன், காலை 10.45

இத்தனை பாடு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. என் மாமாவுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லை என்று, ரத்தம் கட்டாமல் இருக்க அபிக்சபான் என்ற புது மருந்து கொடுத்திருக்கிறார்கள். டெஸ்ட் கிடையாது, கீரைக் கட்டுப்பாடு கிடையாது. ஏழைகளுக்குப் பழைய மருந்தையே எழுதித் தள்ளுகிறார்கள் என்பதுதான் என் எண்ணம். டாக்டரிடம் சண்டை போட்டாவது புது மருந்துக்கு மாறுங்கள்.

துடிப்பு | புதன், பிற்பகல் 2.00

நண்பரே, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கொங்குப்பெண்ணின் அம்மா விஷயத்தில் இது உயிருக்கு ஆபத்தான ஆலோசனை என்பதால் நேராகவே சொல்கிறேன்.

வால்வுக் கோளாறு இல்லாத துடிப்பு ஒழுங்கின்மைக்கும், காலில் ரத்தக்கட்டிக்கும் புதிய மருந்துகள் நல்லவை. உங்கள் மாமாவுக்கு அது சரியான மருந்தாகவே இருக்கும். உலோக வால்வு வைத்தவர்களுக்கு டாபிகட்ரான் என்ற புது மருந்தைக் கொடுத்து ஒரு சோதனை நடத்தினார்கள். வார்ஃபரினைவிட ரத்தக்கட்டியும் அதிகம், ரத்தக்கசிவும் அதிகம் என்று தெரிந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2013-இல் முடிவு வெளியானது. பின்னால் ஒரு வகை அயோர்ட்டிக் உலோக வால்வுக்கு அபிக்சபானைப் பார்த்தார்கள், அதையும் முன்கூட்டியே நிறுத்த வேண்டி வந்தது.

சரி, வால்வு மாற்றாத ருமாட்டிக் நோயாளிகளுக்காவது உதவுமா என்று ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 24 நாடுகளில் 4500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து இன்விக்டஸ் என்ற ஆய்வு நடந்தது. ரிவராக்சபான் என்ற புது மருந்தா, வார்ஃபரின் போல வைட்டமின் கே தடுக்கும் பழைய மருந்தா என்பது கேள்வி. புதியது குறைந்தபட்சம் பழையதற்குச் சமமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவில் பழைய மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. ரத்தக்கசிவும் அவர்களுக்குக் குறிப்பிடும்படி கூடவில்லை. நம் ஊரில் இருப்பது பெரும்பாலும் இந்த ருமாட்டிக் வகைதான். அதனால் இது நமக்காகவே நடந்த ஆய்வு என்று சொல்லலாம். வறுமைக்கும் இந்த மருந்துத் தேர்வுக்கும் சம்பந்தம் இல்லை. பெரும் பணக்காரருக்கு உலோக வால்வு வைத்தாலும் இதுதான் மருந்து.

புதியவன்77 | புதன், பிற்பகல் 3.15

விளக்கத்துக்கு நன்றி டாக்டர். வால்வு இருப்பவர்களுக்கு வேறு விதி என்பது எனக்குத் தெரியாது. கொங்குப்பெண், நான் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கீழக்கரையான் | புதன், மாலை 5.40

இந்த மருந்தின் கதை தெரிந்தால் அதன் மேல் ஒரு மரியாதையே வரும். 1920-களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் கனடாவிலும் மாடுகள் காரணமே தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு சீவினால்கூட ரத்தம் நிற்கவில்லை. பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல்தான் காரணம் என்று ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். கெட்ட வைக்கோலைத் தூக்கிப்போட வழியில்லாத ஏழை விவசாயிகள் அதையே போட்டார்கள்.

1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலில், எட் கார்ல்சன் என்ற விஸ்கான்சின் விவசாயி செத்த கிடாரியையும், உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும், அந்தத் தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓட்டி மேடிசன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் கதவுதான் திறந்திருந்தது. லிங்க்கின் குழு 1939-இல் டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1951-இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் தற்கொலை எண்ணத்தில் அந்த எலி மருந்தைத் தின்றார். வைட்டமின் கே கொடுத்து அவரைக் காப்பாற்றினார்கள். முறிமருந்து கையில் இருக்கிறது, மனிதருக்கும் கொடுக்கலாம் என்ற துணிவு வந்தது. 1954-இல் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது கொடுத்தார்கள்.

நம் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் தலைமையில் உருவான இந்திய வால்வை முதன்முதலாக ஒருவருக்கு வைத்தது 1990 டிசம்பரில். அதுவரை வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாமல் எத்தனை இளம்பிள்ளைகள் போயிருப்பார்கள். அந்த வால்வும் இந்த மாத்திரையும் சேர்ந்துதான் நம் ஊரில் பல குடும்பங்களை நிற்க வைத்திருக்கின்றன.

பழனிக்காரன் | புதன், இரவு 9.00

எலி மருந்து என்று தெரிந்ததும் சிலர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு பையன் அப்படி நிறுத்திவிட்டு, பத்துப் பதினைந்து நாளில் வால்வில் ரத்தம் கட்டி மூச்சுத்திணறலோடு போனான். நல்லவேளையாகக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். உலோக வால்வுக்கு ஒரு சத்தம் உண்டு, இரவில் அமைதியில் டிக் டிக் என்று கேட்கும். அம்மாவிடம் சொல்லுங்கள், அந்தச் சத்தம் மங்கினாலோ நின்றாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, காலையில் பார்ப்போம் என்று படுக்கக்கூடாது. அந்த நேரமே கிளம்ப வேண்டும்.

வல்வை_மைந்தன் | வியாழன், காலை 8.20

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்களுக்கு வார்ஃபரின்தான் தருகிறவை. அப்பா கிளினிக் கொப்பியோடு மாதா மாதம் போய் வருகிறார். வல்லாரைச் சம்பலும் முருங்கை இலை வறையும் எங்கட வீட்டுச் சாப்பாடு, அதை டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. கிழமையில் இன்ன நாள், இன்ன அளவு என்று அம்மா ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறா.

ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்குப் பல் ஒன்று புடுங்க வேண்டும். பல் டாக்டர் ஐந்து நாளைக்கு வார்ஃபரினை நிப்பாட்டிப் போட்டு வரச் சொல்கிறார். நிப்பாட்டலாமோ?

ஈஸ்ட்ஹாம்_தமிழ் | வியாழன், மாலை 4.30

நிப்பாட்ட வேண்டாம் அண்ணா, முதலில் கிளினிக் டாக்டரிடம் கேளுங்கோ. இங்கே லண்டனில் அம்மாவுக்கு இரண்டு பல் எடுத்தார்கள். ஐ.என்.ஆர். 4-க்குக் கீழே இருந்தால் வார்ஃபரினை நிறுத்தாமலே சாதாரணமாகப் பல் எடுக்கலாம் என்பதுதான் இங்கே பல் மருத்துவர்களின் வழிகாட்டுதல். முதல் நாள் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். எடுத்த குழியில் பஞ்சு மாதிரி ஒன்று வைத்துத் தைத்துவிட்டு, கடித்துக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். ஒரு பிரச்சினையும் வரவில்லை. காலை நேரம் வாங்கினால் நல்லது, பின்னால் கசிந்தாலும் பகலிலேயே போய்ப் பார்க்கலாம்.

இங்கே எல்லோருக்கும் மஞ்சள் புத்தகம் ஒன்று தருவார்கள். டோஸ், எண், அடுத்த தேதி எல்லாம் அதில் இருக்கும். மாத்திரைக்கும் நிறம் உண்டு, 1 மி.கி. பழுப்பு, 3 நீலம், 5 இளஞ்சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாத வயதானவர்களும் நிறத்தை வைத்துச் சரியாகப் போட்டுவிடுவார்கள். ஊரில் இந்த ஏற்பாடு வந்தால் எவ்வளவு நல்லாக இருக்கும் என்று எப்போதும் நினைப்பேன்.

துடிப்பு | வியாழன், இரவு 7.50

ஈஸ்ட்ஹாம் நண்பர் சொன்னது சரி. உலோக வால்வு உள்ளவர் தானாக ஐந்து நாள் நிறுத்துவது பல் பிடுங்குவதைவிடப் பெரிய ஆபத்து. பல் மருத்துவரையும் கிளினிக் மருத்துவரையும் ஒருவரோடு ஒருவர் பேசச் சொல்லுங்கள். அப்பாவுக்கு இருப்பது செயற்கை வால்வு என்றால், பல் எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆன்டிபயாட்டிக் ஒரு வேளை எடுக்க வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கார்த்திகைப்பூ | வியாழன், இரவு 11.30

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு 24 வயது. இரண்டு வருடம் முன்பு மைட்ரல் உலோக வால்வு வைத்தார்கள், அசிட்ரோம் போடுகிறேன். தை மாதம் கல்யாணம். குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா என்று வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு வால்வு விஷயம் தெரியும், மாத்திரை விஷயம் தெரியாது.

துடிப்பு | வெள்ளி, காலை 6.15

தங்கை, நல்லவேளை கல்யாணத்துக்கு முன்பே கேட்டீர்கள். உலோக வால்வோடு குழந்தை பெற்ற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் இது எளிதான கர்ப்பம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

இந்த வகை மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். 6 முதல் 12 வாரத்துக்குள் குழந்தையின் மூக்கு எலும்பு, மற்ற எலும்புகளின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். கருச்சிதைவும் நேரலாம். டோஸ் குறைவாக இருந்தால், வார்ஃபரின் கணக்கில் நாளுக்கு 5 மி.கி.க்குள் இருந்தால், இந்த ஆபத்து குறைவு. ஹெபாரின் ஊசி குழந்தைக்குப் போகாது, ஆனால் வால்வைக் காப்பதில் மாத்திரை அளவுக்கு நம்பகம் இல்லை. அதனால் எந்த மாதத்தில் எது என்பதை உங்கள் டோஸைப் பார்த்து, இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து திட்டமிடுவார்கள். பிரசவம் நெருங்கும்போது, சுமார் 36-ஆவது வாரத்தில், மாத்திரையிலிருந்து ஹெபாரினுக்கு மாற்றுவார்கள்.

கல்யாணத்துக்கு முன்பே இருவருமாக ஒருமுறை இதய மருத்துவரிடம் போய் உட்காருங்கள். கருத்தடைக்கு என்ன வழி, எப்போது முயலலாம் என்று அவரே சொல்வார். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உங்களுக்கு ஆகாது, அது ரத்தக்கட்டியை வரவழைக்கும். நாள் தள்ளிப்போனால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் டெஸ்ட் பாருங்கள். ஒன்று மட்டும் உறுதியாக மனதில் வையுங்கள்: கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் யாரையும் கேட்காமல் அசிட்ரோமை நிறுத்திவிடக்கூடாது.

சிவகாசி_அத்தை | வெள்ளி, காலை 9.00

கார்த்திகைப்பூ, கண்ணு, மாத்திரை விஷயத்தை மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிடு. பின்னால் தெரிந்தால் மனஸ்தாபம் வரும், அதைவிட நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டியவர் அவர்தான். துணைக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தனிமடல் போடு.

டாக்டர், நீங்கள் சொன்னபடி தம்பியின் டாக்டரிடம் கீரை பற்றிக் கேட்கப் போகிறோம். அதுவரை பழையபடிதான்.

கொங்குப்பெண் | ஞாயிறு, இரவு 8.10

எல்லோரும் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சனிக்கிழமை டெஸ்டில் 2.9 வந்திருக்கிறது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம், செவ்வாயும் வெள்ளியும் முருங்கைக்கீரை, ஒரு கரண்டி. அடுத்த டெஸ்ட் அடுத்த சனிக்கிழமை, அதே லேப்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி இடுப்பில் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஊரில் ஊசி போடும் நர்ஸ் அக்கா, அசிட்ரோம் போடுபவர்களுக்குச் சதையில் ஊசி போடக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது ஊசி தள்ளிப்போகிறது.

துடிப்பு | ஞாயிறு, இரவு 10.25

நர்ஸ் அக்காவின் எச்சரிக்கை நியாயமானதுதான். வலி ஊசி, சத்து ஊசி என்று தேவையில்லாமல் போடும் சதை ஊசிகளை இந்த மாத்திரை போடுபவர்கள் தவிர்க்கத்தான் வேண்டும், உள்ளே ரத்தம் கட்டிவிடும். ஆனால் பெனிசிலின் ஊசி விஷயம் வேறு. ஐ.என்.ஆர். குறித்த எல்லைக்குள் இருந்து, ரத்தக்கசிவு எதுவும் இல்லையென்றால் பொதுவாக அதைத் தொடரலாம். அம்மாவின் 2.9 எல்லைக்குள்தான் இருக்கிறது. நாளைக்கே உங்கள் இதய மருத்துவரிடம் "அசிட்ரோமோடு பெனிசிலின் ஊசி போடலாம்" என்று சீட்டில் எழுதி வாங்கி நர்ஸ் அக்காவிடம் காட்டுங்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் பத்து நிமிடம் நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அன்று இரவும் மறுநாளும் அந்த இடம் வீங்குகிறதா, கன்றிப்போகிறதா என்று பாருங்கள். எல்லை தாண்டிய நாளில் எண் இறங்கும்வரை ஊசி வேண்டாம், மருத்துவர் அதற்குப் பதிலாகப் பெனிசிலின் மாத்திரை தருவார்.